உருக்கு, வார்ப்புத் தொழில்களின் கலைச்சொற்கள்

உருக்கு, வார்ப்புத் தொழில்களின் கலைச்சொற்கள் என்பன இரும்புக் கனிமத்தில் இருந்து இரும்பையும் உருக்கையும் பிரித்தெடுத்தல், தூய்மைப்படுத்துதல், உருகிய உலோகத்தை அச்சுகளில் ஊற்றி வடிவம் பெறச்செய்தல் ஆகிய பணிகளில் வழங்கும் சொற்கள் ஆகும். இவற்றுள் பல, வேதியியலும் இயற்பியலும் வளர்வதற்கு முன்பே கொல்லர்களும் உலைத்தொழிலாளர்களும் இட்டு வழங்கிய பெயர்கள். எனவே சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் கொண்டு அதன் தொழில்நுட்பப் பொருளை அறிய இயலாது. அமில உலையில் அமிலம் இல்லை. பச்சை மணலின் நிறம் பச்சை இல்லை. தமிழகத்திலும் ஈழத்திலும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்கள் வழங்குவதும், தொழிற்கூடங்களில் ஆங்கிலச் சொற்களே பேச்சில் நிலைத்திருப்பதும் மாணவர்களுக்குக் கூடுதல் இடர்ப்பாட்டைத் தருகின்றன. இக்கட்டுரை முதன்மையான சொற்களை அவை தோன்றும் செய்முறையின் வரிசையில் விளக்குகின்றது.

இரும்பு, எஃகு, உருக்கு

தூய இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகும். அதனுடன் கரிமம் (கார்பன்) சேரச்சேர உருகுநிலை தாழ்கின்றது. கரிமம் 4.3 விழுக்காடு ஆகும்பொழுது உருகுநிலை 1147 பாகை செல்சியசு வரை இறங்கி விடுகின்றது. இந்த ஒரே உண்மையே இரும்பின் வகைகளையும் அவற்றின் வரலாற்றையும் பெரும்பாலும் தீர்மானித்துள்ளது. கரிமம் மிகக் குறைவாக உள்ள, சுத்தியலால் அடித்து வடிவமைக்கத் தக்க இரும்பு தேனிரும்பு எனப்படும். கரிமம் ஏறத்தாழ 2.1 விழுக்காட்டிற்குக் கீழ் உள்ள, வலிமையும் நெகிழ்வும் ஒருங்கே கொண்ட கலப்பு எஃகு ஆகும். அதற்கு மேற்பட்ட கரிமம் உடையது வார்ப்பிரும்பு. இது எளிதில் உருகி எந்த அச்சையும் நன்கு நிரப்பும். ஆனால் அடித்தால் நொறுங்கும்.

தமிழகப் பாடநூல்களில் எஃகு என்னும் சொல்லும், இலங்கைப் பாடநூல்களில் உருக்கு என்னும் சொல்லும் வழங்குகின்றன. ஆயினும் தமிழகத்திலும் சேலத்தில் உள்ள ஆலை சேலம் உருக்காலை என்றே அழைக்கப்படுகின்றது. எஃகு என்பது பழந்தமிழில் கூர்மை, வேல் ஆகிய பொருள்களிலும் ஆளப்பட்ட சொல். உருக்கு என்பதோ உருக்குதல் என்னும் வினையில் இருந்து வந்தது. இவ்விரண்டாம் சொல்லில் ஒரு தொழில்நுட்ப உண்மை அடங்கியுள்ளது. பழங்காலச் சிறு உலைகளில் இரும்பு ஒருபோதும் முழுமையாக உருகவில்லை. கரியின் வெம்மையில் கனிமம் ஆக்சிசனை இழந்து, கசடு கலந்த பஞ்சு போன்ற திரளாக மாறும். அதனைச் சூட்டோடு அடித்துக் கசட்டைப் பிழிந்து வெளியேற்றித் தேனிரும்பு பெற்றனர். உண்மையில் உருக்கப்பட்டது மூசையில் இட்ட எஃகு மட்டுமே.

மூசை என்பது வெப்பம் தாங்கும் களிமண்ணால் செய்த சிறு கலம் ஆகும். குகை என்றும் வழங்கும். தேனிரும்புத் துண்டுகளையும் கரிமம் தரும் இலை, மரத்துண்டு முதலியவற்றையும் மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிப் பல மணிநேரம் சூடேற்றினர். ஆவாரை மரமும் எருக்கிலையும் இதற்குப் பயன்பட்டதாக 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இத்தொழிலைக் கண்ட ஐரோப்பியர் எழுதியுள்ளனர். இரும்பு கரிமத்தை ஈர்க்க ஈர்க்க அதன் உருகுநிலை தாழ்ந்து, முடிவில் உருகிக் கலத்தின் அடியில் திரளும். ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. மேல்சிறுவலூரில் மூசை உடைசல்கள் அறியப்பட்டுள்ளன. இவ்வகை எஃகை ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்தனர். இப்பெயர் கன்னட, தெலுங்கு மொழிகளின் உக்கு என்னும் சொல்லின் திரிபு என்பது பரவலான கருத்து. தமிழ் உருக்கு அதன் இனச்சொல்லாகக் கொள்ளப்படுகின்றது. மைக்கேல் பாரடே தம் இளமையில் இந்த எஃகின் இயல்பை ஆராய்ந்தவருள் ஒருவர்.

ஊதுலையும் பன்றி இரும்பும்

ஊதுலை என்பது மேலிருந்து கனிமம், கற்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, அடியில் இருந்து சூடான காற்றை அழுத்தத்துடன் ஊதும் உயரமான உலை ஆகும். கற்கரி என்பது நிலக்கரியைக் காற்றின்றிச் சுட்டுப் பெறும் துளைகள் நிறைந்த உறுதியான கரி. இதற்கு மூன்று வேலைகள் உண்டு. எரிந்து வெப்பம் தருகின்றது. கார்பன் மோனாக்சைடு வளிமமாக மாறிக் கனிமத்தின் ஆக்சிசனைப் பறிக்கின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, தன்மேல் உள்ள பல நூறு டன் சுமையைத் தாங்கி வளிமம் மேலேறுவதற்கு இடைவெளியைக் காக்கின்றது. மரக்கரியால் மூன்றாம் வேலையைச் செய்ய முடியாது, அது நொறுங்கிவிடும். மரக்கரி உலைகள் உயரமாக வளர முடியாமல் போனதற்கு இதுவே காரணம். 1709-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் ஆபிரகாம் டார்பி கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கியதன் பின்னரே பெரிய உலைகள் இயலக்கூடியவை ஆயின.

சுண்ணாம்புக்கல் இளக்கி எனப்படும். கனிமத்துடன் வரும் மணலும் களிமண்ணும் தனியே உருக மிகுந்த வெப்பம் தேவை. சுண்ணாம்பு அவற்றுடன் சேர்ந்து எளிதில் உருகும் கசடாக மாறுகின்றது. கசடு இரும்பை விட அடர்த்தி குறைந்தது ஆகையால் மேலே மிதக்கின்றது. கசடு என்றவுடன் கழிவு என எண்ணுதல் தவறு. எஃகுத் தொழிலில் இரும்பைத் தூய்மைப்படுத்தும் கருவியே கசடு தான். வேண்டாத தனிமங்கள் எல்லாம் உலோகத்தில் இருந்து கசட்டிற்குச் செல்ல வேண்டும். சென்றபின் திரும்பி வரக்கூடாது. எஃகு செய்பவர் உண்மையில் கசட்டைச் செய்கின்றார், கசடு நன்றாக அமைந்தால் எஃகு தானே நன்றாக அமையும் என்று உலைத்தொழிலில் சொல்வதுண்டு. ஊதுலைக் கசட்டை நீரில் பீய்ச்சிக் குருணையாக்கிச் சிமெண்ட்டில் சேர்க்கின்றனர்.

காற்று உலைக்குள் நுழையும் நீர் குளிர்த்திய செம்புக் குழல்முனைக்குத் துயர் என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது; தமிழ்ச் சொல்லான துயருடன் தொடர்பு ஏதும் இல்லை. ஊதுமுனை என்பது பொருத்தமான தமிழாக்கம். அதன் முன்னே வெப்பம் 2000 பாகை செல்சியசையும் கடக்கும். உலையின் அடியில் களிமண்ணால் அடைத்த துளையைத் துளைத்து இரும்பை வெளிவிடுதல் திறப்பு எனப்படும்.

ஊதுலையில் இருந்து வரும் இரும்பைப் பன்றி இரும்பு என்பதற்குக் காரணம் வடிவ ஒப்புமையே. முற்காலத்தில் உருகிய இரும்பை மணல்தரையில் வெட்டிய ஒரு நீண்ட வாய்க்காலில் பாய்ச்சி, அதன் பக்கங்களில் வரிசையாக வெட்டிய சிறு குழிகளில் நிரப்பினர். தாய்ப்பன்றியிடம் பால் குடிக்கும் குட்டிகளைப் போல் அது தோன்றியதால் இப்பெயர் வந்தது. இன்று ஒருங்கிணைந்த ஆலைகளில் இவ்விரும்பைப் பெரும்பாலும் உறைய விடாமல் நீர்ம நிலையிலேயே எஃகு உலைக்குக் கொண்டு செல்கின்றனர். அந்நிலையில் அதற்குச் சூட்டு உலோகம் என்று பெயர். அதில் கரிமம் 4 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும். சிலிக்கான், மாங்கனீசு, பாசுபரசு, கந்தகம் ஆகியனவும் இருக்கும்.

அமில உலை, கார உலை

1856 ஆகத்து மாதத்தில் என்றி பெசமர் இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். உருகிய பன்றி இரும்பினூடே காற்றை ஊதினால் போதும். வேறு எரிபொருள் இன்றியே கரிமமும் சிலிக்கானும் எரிந்து, அவ்வெரிதலின் வெப்பமே இரும்பை நீர்மமாக வைத்திருக்கும் என்று அதில் விளக்கினார். இரும்பு ஆலைகள் பல உடனே உரிமம் வாங்கின. ஆனால் அவற்றிற்குக் கிடைத்த எஃகு உடைந்து நொறுங்கியது. பெசமர் தம் சோதனைகளுக்குத் தற்செயலாகப் பாசுபரசு குறைந்த இரும்பைப் பயன்படுத்தி இருந்தார். உரிமம் பெற்றவர்களின் இரும்பில் பாசுபரசு மிகுந்திருந்தது. அதனை அவருடைய கலனால் நீக்க முடியவில்லை.

இங்குதான் அமிலம், காரம் என்னும் சொற்கள் வருகின்றன. உலைகளின் உட்சுவரில் பதிக்கும், வெப்பம் தாங்கும் கற்கள் உள்ளுறை எனப்படும். மணலின் அடிப்படைப் பொருளான சிலிக்கா நிறைந்த உள்ளுறை அமில உள்ளுறை; சுண்ணாம்பு, மக்னீசியா நிறைந்தது கார உள்ளுறை. வேதியியலில் சிலிக்கா அமிலத்தன்மை உள்ள ஆக்சைடு, சுண்ணாம்பு காரத்தன்மை உள்ள ஆக்சைடு என்பதே இப்பெயர்களின் பொருள். எரிந்த பாசுபரசும் அமிலத்தன்மை உடையதே ஆகும். எனவே அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சுண்ணாம்பு மிகுந்த காரக் கசடு வேண்டும். ஆனால் பெசமரின் உள்ளுறை சிலிக்கா. அதில் சுண்ணாம்பை இட்டால் அது உள்ளுறையையே கரைத்துத் தின்றுவிடும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் சிட்னி கில்கிறிசுட்டு தாமசு. இவர் இலண்டனில் ஒரு நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றி மாலை வேளைகளில் வேதியியல் பயின்றவர். வேல்சில் வேதியியலாளராக இருந்த தம் உறவினர் பெர்சி கில்கிறிசுட்டின் துணையுடன் டோலமைட்டுக் கல்லால் ஆன கார உள்ளுறையைச் சோதித்து, 1879-இல் மிடில்சுபரோவில் பெரிய அளவில் செய்து காட்டினார். ஐரோப்பாவின் பாசுபரசு மிகுந்த கனிமங்கள் அதன்பின் எஃகிற்குப் பயன்பட்டன. அந்தக் கசடு நல்ல பாசுபேட்டு உரமாகவும் விற்பனையாயிற்று. தாமசு 1885-இல் தம் 34-ஆம் அகவையில் மறைந்தார். ஒரு கலைச்சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டால் எவ்வளவு பெரிய தொழில் அதனுள் அடங்கியுள்ளது என்பதற்கு இதனை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை எனலாம்.

பாசுபரசால் வரும் தீங்குக்குக் குளிர் நொறுக்கம் என்று பெயர். எஃகு குளிர்ந்த நிலையில் அடி தாங்காது. கந்தகத்தால் வருவது சூட்டு நொறுக்கம். செஞ்சூட்டில் உருட்டும்பொழுது வெடிக்கும். இரும்புச் சல்பைடு தாழ்ந்த வெப்பநிலையில் உருகி, உலோக மணிகளின் எல்லைகளில் படிந்து அவற்றைப் பிரித்து விடுவதே இதன் காரணம். மாங்கனீசு இருந்தால் கந்தகம் அதனுடன் சேர்ந்து, உயர் வெப்பத்திலும் உருகாத மாங்கனீசுச் சல்பைடாக மாறிவிடுகின்றது. ராபர்ட் மசெட்டு மாங்கனீசு உள்ள கலப்பிரும்பைச் சேர்த்தது பெசமர் முறைக்கு மிகவும் உதவியது. எஃகில் மாங்கனீசைப் பயன்படுத்த அதற்கு முன்பே, 1839-இல், காப்புரிமை பெற்றவர் சோசியா மார்சல் ஈத்து. இவர் 1830-ஐ ஒட்டித் தமிழகத்தின் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவியவர் ஆவார்.

ஆக்சிசன் கலன், மின்வில் உலை

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அது வெப்பத்தை வீணாக்குவதோடு எஃகில் கரைந்து அதனைக் கெடுக்கவும் செய்கின்றது. 1952-இல் ஆசுத்திரியாவின் லின்சு நகரிலும், அடுத்த ஆண்டு தோனாவிட்சிலும் தூய ஆக்சிசனை மேலிருந்து குழல் வழியே பீய்ச்சும் முறை தொழில் அளவில் தொடங்கிற்று. இவ்வூர்ப் பெயர்களின் முதலெழுத்துகளால் எல்.டி. முறை எனப்படுகின்றது. இந்தியாவில் இதனை முதலில் மேற்கொண்டது ரூர்கேலா ஆலை. ஊதுதல் 15 முதல் 20 நிமிடங்களில் முடிந்துவிடும். வெப்பம் மிகாமல் இருக்கப் பழைய இரும்புத் துண்டுகளைச் சேர்க்கின்றனர்.

மின்வில் உலையில் கிராஃபைட்டு மின்முனைகளுக்கும் உலோகத்திற்கும் இடையே எழும் மின்வில்லின் வெம்மையால் பழைய இரும்பு உருகுகின்றது. தூண்டல் உலையில் கம்பிச்சுருளின் மாறுமின்னோட்டம் உலோகத்தினுள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டி உருக்குகின்றது. கோயம்புத்தூர் வார்ப்பகங்களில் குப்போலா எனப்படும் கற்கரி உலையும் தூண்டல் உலையும் பெருவழக்கு. பெரும்பாலான தூண்டல் உலைகளின் உள்ளுறை அமில வகை ஆதலால் பாசுபரசை நீக்க இயலாது. இடும் இரும்பில் இருப்பதே வெளிவரும் இரும்பிலும் இருக்கும். பழைய இரும்பைத் தெரிந்தெடுத்து வாங்குவதில் வார்ப்பகத்தார் காட்டும் கவனத்திற்கு இதுவே காரணம்.

ஓர் உலையில் ஒரே தடவை உருக்கி எடுக்கும் எஃகின் மொத்த அளவை ஆங்கிலத்தில் ஹீட் என்பர். தொழிற்கூடத்திலும் அதுவே வழக்கு. இட்டிலி அவிக்கும்பொழுது ஒரு முறைக்கு ஆவதை ஓர் ஈடு என்கின்றோம். உலைக்கும் ஈடு என்பதே இயல்பாகப் பொருந்தும். ஒவ்வோர் ஈட்டிற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை எஃகுத் துண்டில் பொறித்து, வேதி அளவுகளைச் சான்றிதழில் குறிக்கின்றனர். பல்லாண்டுகள் கழித்து ஒரு கொதிகலனோ தண்டவாளமோ பிளந்தால், அதே ஈட்டில் இருந்து செய்த பிற பொருள்கள் எங்கெங்கே உள்ளன எனத் தேட இவ்வெண் ஒன்றே வழி.

அமர்த்திய எஃகு

உலையில் இருந்து எஃகை ஏந்தும், உள்ளுறை பதித்த பெரிய வாளி கரண்டி எனப்படும். பெயரளவில் தான் கரண்டி. 300 டன் கொள்வதும் உண்டு. ஊதி முடித்த எஃகில் ஆக்சிசன் கரைந்திருக்கும். எஃகு குளிரும்பொழுது அது கரிமத்துடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு குமிழ்களாக வெளியேறும். எஃகு கொதிப்பது போல் பொங்கும். சிலிக்கான், அலுமினியம் போன்றவற்றைக் கரண்டியில் இட்டால் அவை ஆக்சிசனைப் பிடித்துக்கொள்ள, பொங்குதல் அடங்கி எஃகு அமைதியாக உறைகின்றது. இதனை ஆங்கிலத்தில் கொல்லப்பட்ட எஃகு என்கின்றனர். தமிழில் அவ்வாறே பெயர்த்தால் பொருள் விளங்காது. அமர்த்திய எஃகு என்பது செயலைச் சரியாகக் காட்டுகின்றது. அமர்த்தும்பொழுது உண்டாகும் அலுமினா போன்ற நுண்துகள்கள் கசட்டிற்கு மிதந்து செல்லாமல் எஃகினுள் தங்கினால் உட்கலப்பு எனப்படும். உருளைதாங்கிகளில் களைப்பு முறிவு பெரும்பாலும் இத்தகைய கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளில் இருந்தே தொடங்குகின்றது.

ஐதரசனின் தீங்கு வேறு வகையினது. நீர்ம எஃகில் கரையும் ஐதரசன் உறைந்த எஃகில் அவ்வளவு கரையாது. தடித்த துண்டுகளில் அது வெளியேற வழியின்றி உட்புறத்தே மயிரிழை போன்ற பிளவுகளை உண்டாக்கும். எஃகு குளிர்ந்து நாள்கள் சென்ற பின்னும் இவை தோன்றக்கூடும் என்பதே இடர். இதற்காகக் கரண்டியை வெற்றிடத்தில் வைத்து வளிமத்தை உறிஞ்சுவதை வெற்றிட வளிமநீக்கம் என்பர். தண்டவாளம், சுழலி அச்சு முதலியவற்றிற்கான எஃகில் ஐதரசன் பத்து இலட்சத்தில் 2 பங்குக்கும் கீழே இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர்.

தொடர் வார்ப்பு

முன்னர் எஃகைத் தனித்தனி அச்சுகளில் ஊற்றிப் பாளங்களாக உறையவிட்டனர். பாளம் உறையும்பொழுது நடுவே மேற்பகுதியில் உண்டாகும் புனல் வடிவக் குழிக்குக் குழாய் என்று பெயர்; அப்பகுதியை வெட்டி எறிய வேண்டும். இன்று உலக எஃகில் 95 விழுக்காட்டிற்கும் மேல் தொடர் வார்ப்பில் வருகின்றது. கரண்டியில் இருந்து எஃகு இடைத்தொட்டிக்கும், அங்கிருந்து நீர் குளிர்த்திய அடியில்லாச் செம்பு அச்சுக்கும் இறங்குகின்றது. அச்சை ஒட்டிய பகுதி முதலில் உறைந்து ஓடாக மாறும். உள்ளே இன்னும் நீர்மமாக உள்ள எஃகைச் சுமந்துகொண்டு அவ்வோடு கீழே இழுக்கப்படுகின்றது. அச்சில் ஓடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சை மேலும் கீழுமாக அசைக்கின்றனர். அச்சை விட்டு வெளிவரும் இடத்தில் ஓட்டின் தடிமன் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் அளவே. அது கிழிந்தால் உருகிய எஃகு எந்திரத்தின்மேல் கொட்டிவிடும். இதற்கு உடைப்பு என்று பெயர். ஏரி உடைப்பைப் போன்றதே. வெளிவரும் தண்டு குறுக்குவெட்டைப் பொறுத்துப் பெயர் பெறும். சிறு சதுரமானது பில்லெட்டு, பெரியது புளூம், அகன்று தட்டையானது சிலாப்.

வார்ப்பகச் சொற்கள்

மணல் வார்ப்பில் முதலில் வேண்டுவது மாதிரியுரு. மரத்தாலோ உலோகத்தாலோ செய்த இதனை மணலில் பதித்து எடுத்தால் அச்சு கிடைக்கும். உலோகம் குளிர்கையில் சுருங்கும் ஆகையால் மாதிரியுருவைச் சற்றுப் பெரிதாகச் செய்கின்றனர். இம்மிகை வார்ப்பிரும்பிற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு, எஃகிற்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. மாதிரியுரு செய்யும் தச்சர் இதற்கென நீட்டப்பட்ட அளவுகோலையே பயன்படுத்துவார். அக்கோல் வேறு எவர் கைக்காவது சென்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை மணல் என்பது பெண்டோனைட்டுக் களிமண்ணும் சிறிது நீரும் கலந்த, சுடப்படாத மணல். ஆங்கிலத்தில் இப்பெயர் பலரைக் குழப்புகின்றது. தமிழருக்குக் குழப்பம் வேண்டியதில்லை. சுடாத பானையைப் பச்சைப் பானை என்றும் சுடாத கல்லைப் பச்சைக் கல் என்றும் சொல்வது நம் வழக்கே. மணலைத் தாங்கும் பெட்டி இரு பகுதிகள் உடையது, மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி. வார்ப்பின் உட்குழிவை உண்டாக்க அச்சினுள் வைக்கும் மணலுரு உள்ளகம். பட்டறை வழக்கில் கோர். மோட்டார் எக்கிகளின் நீர்வழிகள் இவ்வாறே அமைகின்றன. உலோகம் இறங்கும் வழியை இறங்குவாய், கிடையாக ஓடும் வழியை ஓடுவழி, அச்சினுள் புகும் இடத்தை நுழைவாய் எனலாம்.

இவற்றுள் மாணவர் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது ரைசர் எனப்படும் ஊட்டியை. மலை நகரம் நினைவுக்கு வந்தாலும், ஊட்டுவது ஊட்டி என்பது பொருத்தமான ஆக்கமே. அச்சு நிரம்பியதைக் காட்டும் துளையாக மட்டுமே அதனைக் கருதுதல் பிழை. உலோகம் மூன்று கட்டங்களில் சுருங்குகின்றது. நீர்மமாகக் குளிரும்பொழுது ஒருமுறை, உறையும்பொழுது ஒருமுறை, திண்மமாகக் குளிரும்பொழுது ஒருமுறை. மாதிரியுருவின் மிகை மூன்றாவதை மட்டுமே ஈடுசெய்யும். முதல் இரண்டிற்கும் கூடுதல் நீர்ம உலோகத்தை ஊட்டவேண்டும். அதைத் தருவதே ஊட்டி. எனவே அது வார்ப்பிற்குப் பின்னரே உறைய வேண்டும்.

உறையும் நேரத்தைக் கணிக்க 1940-இல் வெளியான சுவோரினாவ் விதி உதவுகின்றது. உறையும் நேரம், கனவளவைப் புறப்பரப்பால் வகுத்து வரும் ஈவின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கனவளவு 1000, பரப்பு 600, ஈவு 1.67. 20 சென்டிமீட்டர் சதுரமும் 2.5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள தட்டின் கனவளவும் 1000 தான்; பரப்பு 1000, ஈவு 1. ஒரே எடை உடையவையாயினும் கனசதுரம் உறையத் தட்டைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு நேரம் ஆகும். கிராஃபைட்டு படியும் சாம்பல் வார்ப்பிரும்பில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அடர்த்தி குறைந்த கிராஃபைட்டு தோன்றும்பொழுது கனவளவு விரிவதால் சுருக்கத்தின் ஒரு பகுதி தானே சரியாகிவிடும். உருகிய இரும்பில் சிறிது மக்னீசியம் சேர்த்தால் கிராஃபைட்டு தகடாக இன்றி உருண்டையாகப் படியும். 1940களில் அறியப்பட்ட இவ்வகை, உருண்டைக் கிராஃபைட்டு இரும்பு எனப்படும். இது எஃகைப் போல் வளையும்.

மெழுகு இழப்பு வார்ப்பில் மாதிரியுரு மெழுகால் ஆனது. மேலே மண் பூசிச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறி வெற்றிடம் எஞ்சும். சுவாமிமலைத் தபதிகள் காவிரி வண்டலைப் பூசித் திருமேனிகள் வார்ப்பதும், வானூர்திச் சுழலியின் இதழ்களை வார்ப்பதும் அடிப்படையில் இம்முறையே ஆகும்.

வார்ப்புக் குறைகள்

உலோகம் உறையும்பொழுது ஊட்டம் கிடைக்காத இடத்தில் சுருக்கக் குழி தோன்றும். இதன் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். வளிமம் சிக்கிய இடத்தில் தோன்றுவது வளிமப் புரை. இதன் சுவர் வழவழப்பானது. வெட்டிப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாவிட்டால் தவறான மருந்தையே கொடுக்க நேரும். இரண்டு பக்கம் இருந்து வந்த உலோகம் சந்திக்கும் இடத்தில் சூடு போதாமல் ஒட்டாது நின்றால் குளிர் இணைப்பு. பார்ப்பதற்கு ஒரு மெல்லிய கோடு தான், ஆனால் அது முழு ஆழத்திற்கும் பிளவு. பாதி உறைந்த வார்ப்பை மணலோ உள்ளகமோ சுருங்க விடாமல் தடுத்தால் சூட்டுக் கிழிசல்.

குறையை மறைத்தல் எதில் முடியும் என்பதற்கு இசுக்கொட்லாந்தின் டே பாலம் நிலையான சான்று. 1879 திசம்பர் 28 அன்று இரவுப் புயலில் இப்பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி தொடருந்துடன் ஆற்றில் வீழ்ந்தது. வண்டியில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. தூண்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. தூண்களைக் குறுக்குக் கம்பிகளுடன் இணைக்கும் காதுகள் தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்டு இருந்தன. அவற்றின் திருகாணித் துளைகளைத் துளையிடாமல் வார்ப்பிலேயே விட்டிருந்ததால் அவை கூம்பாக அமைந்து, சுமை ஒரு விளிம்பில் மட்டும் விழுந்தது. விசாரணையில் வார்ப்பக ஊழியர்கள் மற்றொன்றையும் கூறினர். தூண்களில் கண்ட புரைகளைத் தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியவை கலந்த பசையால் அடைத்துத் தேய்த்து விட்டனராம். பட்டறையில் அதற்குப் பூமாண்ட்டு முட்டை என்று ஒரு செல்லப்பெயரும் இருந்தது. பாலம் வீழ்ந்ததற்குக் காற்றழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாமையும் குறுக்குப் பிணைப்பின் வலுவின்மையுமே முதன்மைக் காரணங்கள். புரைகள் மட்டுமே காரணம் அல்ல. எனினும் இன்று முதன்மையான வார்ப்புகளைக் கதிர்ப்படத்தாலும் மீயொலியாலும் சோதிப்பது, பூசி மறைத்ததைக் கண்ணால் காண இயலாது என்பதனாலேயே.

ஈரம்

வார்ப்பகத்தில் ஈரம் என்னும் சொல்லுக்குத் தனி எடை உண்டு. நீர் ஆவியாகும்பொழுது அதன் கனவளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். உருகிய உலோகத்தின் மேற்பரப்பில் சிந்திய நீர் ஆவியாகிப் போய்விடும். உலோகத்தின் அடியில் அகப்பட்ட நீரோ வெடித்து உலோகத்தைச் சிதறடிக்கும். மழையில் நனைந்த பழைய இரும்பு, வாய் மூடிய குழாய்த் துண்டு, நீர் தேங்கிய உருளை, சூடேற்றாத கரண்டி, இளகிய உலோகத்தைக் கிளறும் ஈரக் கோல் ஆகிய ஒவ்வொன்றும் ஆபத்தானது. இதனாலேயே கரண்டியைத் தீயிட்டு உலர்த்திய பின்னரே ஏந்துகின்றனர். உலையில் இடும் இரும்பையும் முன்சூடேற்றுகின்றனர். பச்சை மணலிலும் நீர் உண்டு. ஆனால் அது எடையில் சில விழுக்காடு மட்டுமே. மணல் மணிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளும், கம்பியால் குத்தி விட்ட காற்றுத் துளைகளும் ஆவி வெளியேற வழி தருகின்றன. மணலை அளவிற்கு மேல் இடித்து இறுக்கினாலோ நீர் மிகுந்தாலோ அவ்வழி அடைபட்டு, அச்சினுள் உலோகம் கொதித்து மேலே தெறிக்கும். மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கி, பின் இரண்டாக ஒடித்துப் பார்த்து ஈரத்தை மதிப்பிடுவது அச்சு கட்டுபவர்களின் பழைய வழக்கம். முனை உதிராமல் ஒடிந்தால் மணல் பதம். கையில் ஒட்டினால் நீர் மிகை. ஆய்வகக் கருவிகள் வந்த பின்னும் இச்சோதனை கைவிடப்படவில்லை.